கார் ஆலை வேலைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

வாலாஜாபேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு வாசகசாலைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில், பிரஸ் பிரிவில், 16 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆற்காடு, காவேரிப்பாக்கம், நெமிலி, காட்பாடி, குடியாத்தம் என்று பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். சில நாள் அவர்களுடைய அம்மாவோ அப்பாவோ மட்டும் வருகிறார்கள். ஊர்தான் வேறு, சந்தேகங்கள் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய தொழிற்சாலைச் சட்டம், தொழில் தகராறு சட்டம் எல்லாம் அவற்றுக்குள் போய்விட்டன. தேவையான இடத்தில் இரண்டையும் சொல்கிறேன்.

கார் கம்பெனியில் வேலை என்று ஏஜென்ட் சொல்கிறார். நிஜமாகவே கார் கம்பெனிதானா அண்ணா?

பெரும்பாலும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று முழுக் கார் வெளியே வரும் ஆலைகள் சிலவே. இருக்கை, கதவுத் தகடு, ஒயரிங், பிரேக், ரப்பர் குழாய் என்று அவற்றுக்குப் பொருள் செய்து அனுப்பும் ஆலைகள் சுற்றிலும் ஏராளம். நம் சோளிங்கரில் பிரேக் பாகங்கள் வார்க்கிறார்கள், அரக்கோணம் அருகே டயர் செய்கிறார்கள். ஏஜென்ட் இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் "கார் கம்பெனி" என்றுவிடுவார்.

அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும்?" ஆலையின் பெயரா, ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்ததாரரின் பெயரா? அதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். வேலை வாங்கித் தரப் பணம் கேட்டால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். தாலியை அடகு வைத்து 20,000 ரூபாய் கட்டிவிட்டு, மூன்று மாதத்தில் திரும்பி வந்த பையனின் தாயை நான் பார்த்திருக்கிறேன்.

ஐ.டி.ஐ. முடித்திருக்கிறேன். உள்ளே போனால் என்ன வேலை கொடுப்பார்கள்?

படித்த ஃபிட்டர் வேலையோ டர்னர் வேலையோ கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். கார் ஆலையில் நான்கு பெரிய பிரிவுகள். பிரஸ் பிரிவில் தகட்டை அழுத்தி வடிவம் எடுப்பார்கள். பாடி பிரிவில் அந்தத் தகடுகளை வெல்டிங் செய்து இணைப்பார்கள், இங்கே ரோபோக்கள் அதிகம். பிறகு பெயிண்ட் பிரிவு. கடைசியாக அசெம்பிளி லைன். மனிதக் கை மிகுதியாகத் தேவைப்படுவது அங்கேதான். புதிதாகப் போகும் பலரை அங்கேதான் நிறுத்துவார்கள்.

லைன் என்பது நகரும் பாதை. கார் உங்கள் முன் வரும், உங்களுக்கென்று உள்ள வேலையை முடிக்க வேண்டும், அது நகர்ந்துவிடும், அடுத்தது வந்து நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு 60 கார் ஓடும் லைன் என்றால் ஒரு காருக்கு உங்களுக்கு ஒரே நிமிடம். எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாட்டுக்கு அரை மணி, தேநீருக்கு இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம் போக, 430 நிமிடம் மிஞ்சும். அப்படியென்றால் 430 கார். காருக்கு நான்கு போல்ட் என்றால் ஒரு ஷிப்டில் 1,720 போல்ட், எல்லாம் ஒரே கோணத்தில், ஒரே தோளால். முதல் வாரம் இது பெரிதாகத் தெரியாது. இரண்டாம் ஆண்டில் மணிக்கட்டும் இடுப்பும் சொல்லும்.

சிறுநீர் கழிக்கப் போக வேண்டுமென்றால் உங்கள் இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். அவர் வராவிட்டால் அடக்கிக்கொண்டு நிற்பீர்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பையன்களை எனக்குத் தெரியும். கோடைக் காலத்தில் வேலூர் வெயில் தெரிந்த நமக்கு அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

டிரெயினி, அப்ரன்டிஸ், காண்ட்ராக்ட், ஃபிக்ஸட் டெர்ம் என்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்கும் நான்கு பேருக்கு நான்கு பெயர், நான்கு சம்பளம், நான்கு விதமான பாதுகாப்பு. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இந்தப் பதிலைப் படியுங்கள். ஆலைகளில் புகையும் மனக்கசப்பில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

அப்ரன்டிஸ் என்பவர் 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டத்தின் கீழ் வருகிறவர். சட்டத்தின் கண்ணில் அவர் மாணவர், தொழிலாளி இல்லை. சம்பளம் கிடையாது, உதவித்தொகைதான். ஆனால் தொழிற்சாலையின் பாதுகாப்பு, சுகாதார விதிகள் அவருக்கும் பொருந்தும், காயம் பட்டால் இழப்பீடும் உண்டு. அவரைத் தன் விருப்பப்படி ஓ.டி. (மிகை நேர வேலை) செய்யவைக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை, அதற்குப் பயிற்சி ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளியின் முதலாளி ஒப்பந்ததாரர். அவர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் ஆலை நிர்வாகமே தர வேண்டும். இது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஃபிக்ஸட் டெர்ம் என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு ஆலையே நேரடியாக எடுப்பது. அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள சலுகைகள் அவருக்கும் உண்டு. ஓராண்டு முடித்தாலே புதிய சட்டப்படி பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு.

"டிரெயினி" என்ற சொல்லில்தான் மோசம் அதிகம். கையெழுத்திட்டது எந்தத் திட்டத்தில் என்று பார்க்க வேண்டும். "நீம்" என்றொரு மத்தியத் திட்டம் இருந்தது. கற்றுக்கொடுப்பதற்காகத் தொடங்கியது. அதன் பெயரில் உற்பத்தி லைனில் முழு ஷிப்டும் நிற்க வைக்கப்பட்டவர்கள் பலர். மூன்றே நாளில் கற்றுவிடக்கூடிய வேலைக்கு மூன்று ஆண்டுப் பயிற்சி எதற்கு? இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

ஆர்டர் எதுவும் தரவில்லை, ஐ.டி. கார்டு மட்டும்தான் கொடுத்தார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். பணிநியமனக் கடிதம் தருவது புதிய சட்டத்தில் கட்டாயம். எழுதிக் கேளுங்கள்.

தரும்வரை நீங்களே சான்று சேருங்கள். ஐ.டி. கார்டின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள், ஏனென்றால் வேலையை விட்டு நிறுத்தும் நாளில் முதலில் பிடுங்குவது அதைத்தான். வங்கியில் சம்பளம் ஏறிய வரி, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) எண், பஸ் பாஸ் எல்லாம் சான்றுதான். நான் நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஷிப்ட், ஓ.டி. மணி என்று தினமும் ஒரு வரி எழுதிவைத்தேன். பிற்காலத்தில் என்னைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

480 நாள் வேலை செய்தால் பெர்மனென்ட் ஆகிவிடலாம் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. 1981-இல் தமிழ்நாடு கொண்டுவந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் அது. 24 காலண்டர் மாதங்களுக்குள் ஒரே தொழில் நிறுவனத்தில் 480 நாள் தொடர் பணி செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நியாயமான விடுப்பு, நோய், விபத்து போன்றவற்றால் விழும் இடைவெளி தொடர்ச்சியை முறிக்காது.

உண்மையாக இருந்தும் ஏன் பலருக்குக் கிடைப்பதில்லை? அந்த நாளை எட்டாதபடி ஏழு மாதத்திலோ பதினோரு மாதத்திலோ "பிரேக்" கொடுத்து அனுப்பிவிட்டு மறுபடி எடுப்பார்கள். அல்லது ஒப்பந்ததாரரின் பெயரை மாற்றுவார்கள். அல்லது நீங்கள் தொழிலாளியே இல்லை, பயிற்சியாளர்தான் என்பார்கள். காண்ட்ராக்ட் வழியாக வந்தவர் என்றால் அந்த ஒப்பந்தம் வெறும் பெயருக்குத்தான், வேலை வாங்கியது ஆலைதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும். முந்தைய பதிலில் சொன்ன நோட்டுப் புத்தகம் அங்கேதான் உதவும். சட்டம் இருக்கிறது என்று நம்பிச் சும்மா இருந்தவனுக்கும், நாள் கணக்கோடு போய் நின்றவனுக்கும் நடந்தது வேறு வேறு.

ஓ.டி. பார்க்க மாட்டேன் என்று சொல்லலாமா? சொன்னால் அடுத்த நாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்களே.

சட்டப்படி சொல்லலாம். வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் என்றால் உங்கள் சம்மதம் வேண்டும், இரட்டிப்பு ஊதியமும் தர வேண்டும். சில ஒப்பந்ததாரர்கள் ஓ.டி.யை ஒற்றைச் சம்பளத்தில் கணக்குப் போட்டு "இன்சென்டிவ்" என்ற பெயரில் சேர்த்துவிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் ஓ.டி. மணி தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

12 மணி நேர வேலை சட்டமாகிவிட்டது என்று இன்னமும் சிலர் மிரட்டுகிறார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று அப்படியொரு திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது உண்மைதான். எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

கேட்டில் நிறுத்துவார்களே என்ற பயத்துக்குச் சட்டப் பிரிவு எதுவும் மருந்தாகாது. தனியாக மறுத்தவன் நிற்பான், லைன் முழுக்கச் சேர்ந்து மறுத்தால் சூப்பர்வைசர்தான் யோசிப்பார். அதற்குத்தான் சங்கம். கீழே வருகிறேன்.

ஆற்காட்டில் அதிகாலை 4 மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறான் என் மகன். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா ஐயா? வழியில் விபத்து என்றால்?

பயண நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆற்காட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் 70 கிலோமீட்டருக்கு மேல். போக வர மூன்று, நான்கு மணி நேரம் தேசிய நெடுஞ்சாலையில் போகிறது. எட்டு மணி நேர வேலை என்பது வீட்டிலிருந்து பார்த்தால் 12 மணி நேரம். அந்தத் தூக்கமில்லாத கண்ணோடுதான் பிரஸ்ஸின் முன் நிற்கிறான் என்பதை எந்த நிர்வாகமும் கணக்கில் எடுப்பதில்லை. ஊதியப் பேச்சில் இதைத் தனிக் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

விபத்துக்கு உரிமை உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என்று காட்டினால், பணியிட விபத்தாகவே கருதப்படும் என்று 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள். ஊதியத்தில் 0.75 சதவீதம் நீங்கள் கட்டுகிறீர்கள், 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார். பிடித்த பணத்தை உண்மையில் கட்டியிருக்கிறார்களா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்ஸில் விரல் போய்விடும் என்கிறார்களே, இவ்வளவு பெரிய கம்பெனிகளில்கூடவா?

பெரிய ஆலைகளில் குறைவு. சிறிய உதிரிபாக ஆலைகளில் இன்றும் நடக்கிறது. அழுத்தும் இயந்திரத்தில் இரண்டு பாதுகாப்புகள் இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் ராம், அதாவது தகட்டை அழுத்தும் பகுதி, இறங்க வேண்டும். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. மற்றொன்று ஒளித்திரை. இயந்திரத்தின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள், கை குறுக்கே போனால் இயந்திரம் நின்றுவிடும்.

பிறகு எப்படி விரல் போகிறது? இலக்கை எட்ட வேண்டுமென்று சென்சாரைத் துண்டித்துவிடுவார்கள். ஒரு பொத்தானை டேப் ஒட்டி அழுத்தியபடியே வைத்து ஒற்றைக் கையால் ஓட்டச் சொல்வார்கள். அல்லது கால் மிதியில் ஓட்டுவார்கள். நான் வேலை செய்த ஆலையில் இரவு ஷிப்டின் கடைசி மணி நேரத்தில், பக்கத்து இயந்திரத்தில் இருந்த திமிரிப் பையனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அன்று ஒளித்திரை வேலை செய்யவில்லை என்று ஷிப்ட் தொடக்கத்திலேயே அவன் சொல்லியிருந்தான். வாயால்தான் சொன்னான். விசாரணையில் "கவனக்குறைவு" என்று எழுதினார்கள். அவன் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை, ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன்: சென்சார் வேலை செய்யவில்லை என்றால் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதுங்கள், அல்லது சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எழுத்தில் இருக்க வேண்டும்.

துண்டான விரலை ஐஸில் நேரடியாகப் போடாதீர்கள், கெட்டுவிடும். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தண்ணீர் புகாமல் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து, காயம்பட்டவரோடு சேர்த்தே விரைந்து கொண்டு போக வேண்டும். டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு மறுவாழ்வு தரும் அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்தது நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். கை அறுவை சிகிச்சைக்கென்றே அவர் பெயரில் அங்கே ஒரு மையம் இருக்கிறது. ஆனால் விபத்து நேரத்தில் ஊர்ப் பாசம் பார்த்து நூறு கிலோமீட்டர் ஓடி வராதீர்கள். அருகில் எங்கே மைக்ரோ அறுவை சிகிச்சை செய்கிறார்களோ அங்கே போங்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதவைப்பதும், இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போனதா என்று பார்ப்பதும் உடனிருப்பவர்களின் கடமை.

என் பெண்ணை இரவு ஷிப்டுக்கு வா என்கிறார்கள். கட்டாயமா?

கட்டாயம் இல்லை. பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற பழைய தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பு நிபந்தனைகளோடு நீக்கியது. புதிய சட்டத்தில் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்ணின் சம்மதத்தோடு மட்டுமே வைக்கலாம். போக்குவரத்து, பாதுகாப்பு எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை எங்கே மாட்டியிருக்கிறது என்று உங்கள் பெண் முதல் வாரத்திலேயே பார்த்துவிடட்டும்.

விடுதியையும் விசாரியுங்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் செல்போன் ஆலையின் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது சம்பளத்துக்காக இல்லை. விடுதிச் சாப்பாடு நஞ்சாகி உடன் இருந்தவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள், அதற்காக. நம் ஊர் பஸ்கள் தினமும் ஓடும் அதே சாலை.

தோல் கம்பெனி, ஷூ கம்பெனியை விடக் கார் கம்பெனி எவ்வளவோ மேல்தானே?

சில வகையில் மேல்தான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, கழிவுச் சேற்றில் 10 தொழிலாளர்கள் உறக்கத்திலேயே இறந்தார்கள். அதைப் பார்த்த ஊர் இது. பளபளக்கும் தரையும், சீருடையும், கேன்டீனும் உள்ள ஆலையை மேல் என்று நினைப்பதில் தவறில்லை.

ஆனால் தோல் பதனிடுவதோடு ஒப்பிட்டுத் திருப்தி அடையச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். உழைப்பு வேறு விதமாகப் பிழியப்படுகிறது, அவ்வளவுதான்.

நல்ல சம்பளம்தானே தருகிறார்கள்? பிறகு ஏன் போராட்டம் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள்?

பெற்றோர் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. நடந்த போராட்டங்களை எடுத்துப் பாருங்கள், எத்தனை சம்பளத்துக்காக நடந்தன என்று. 2018 செப்டம்பரில் வல்லம் வடகால் யமஹா ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது, சங்கம் அமைக்க முன்னின்ற இருவரை வேலையிலிருந்து நீக்கியதால். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். லைன் ஓடும் வேகத்தில் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நிற்க முடியாது என்பது அவர்களுடைய வாதம். அதே வாரம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது, ஆலை ஐந்து நாள் மூடப்பட்டது. 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நடந்த சாம்சங் வேலைநிறுத்தம் வீட்டு உபயோகப் பொருள் ஆலையில் நடந்தது. அங்கே ஊதியக் கோரிக்கையும் இருந்தது, ஆனால் முட்டுக்கட்டை விழுந்தது சங்கத்தை ஏற்பதில்.

லைனின் வேகம், கழிப்பறைக்குப் போகும் உரிமை, பக்கத்தில் நிற்பவனின் பாதிச் சம்பளம், பேச ஓர் ஆள் வேண்டும் என்ற ஆசை. இவைதான் வேர். இன்னொன்றும் உண்டு. கார் ஆலைகள் உதிரிபாகங்களைச் சேர்த்துவைப்பதில்லை, சில மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் வரவழைக்கின்றன. இருக்கை ஆலை நின்றால் அன்றைக்கே கார் லைன் நிற்கும். அதனால் மேலே உள்ள அழுத்தம் முழுவதும் கீழே உள்ள சிறிய ஆலையின் மேல், அங்கிருந்து காண்ட்ராக்ட் பையனின் தோளின் மேல் வந்து இறங்குகிறது.

சங்கம் ஆரம்பிக்க எத்தனை பேர் வேண்டும்? காண்ட்ராக்ட் ஆட்கள் சேரலாமா?

ஏழு பேர் விண்ணப்பிக்கலாம். ஆனால் பதிவாக வேண்டுமென்றால் ஆலைத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் சேரலாம். அப்ரன்டிஸ்களுக்கு வழியில்லை, ஏன் என்பதை மூன்றாவது கேள்வியில் சொல்லிவிட்டேன்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் முடிந்து திரும்பிய பிறகும் சங்கப் பதிவு கிடைக்க 2025 ஜனவரி ஆயிற்று. நம் அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூர் எம்.ஆர்.எஃப். டயர் ஆலையில், நிர்வாகம் எந்தச் சங்கத்தோடு பேச வேண்டும் என்ற வழக்கு ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வரை போனது. இப்போதைய சட்டத்தில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கம்தான் பேச்சுவார்த்தைச் சங்கம். எந்தச் சங்கத்துக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. ஆகவே பெயர்ப் பலகை திறப்பதற்கு முன் உறுப்பினர்களைச் சேருங்கள், அமைதியாக.

ஒரு நாள் ஸ்டிரைக் செய்தால் எட்டு நாள் சம்பளம் பிடிப்பார்களாமே?

ஹெச்.ஆர். சொல்லும் பாதி உண்மை. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூட்டாக, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால் எட்டு நாள் வரை பிடிக்க இடம் உண்டு. ஆனால் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் வேலை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். முறையாக நோட்டீஸ் கொடுத்து நடத்தும் வேலைநிறுத்தத்துக்கு வேலை செய்யாத நாளின் சம்பளம்தான் போகும்.

நோட்டீஸ் விஷயத்தில் இப்போது கூடுதல் கவனம் வேண்டும். முன்பு பொதுப் பயன்பாட்டுத் துறைகளுக்கு மட்டும் இருந்த கட்டாய முன்னறிவிப்பு இப்போது எல்லா ஆலைக்கும் வந்துவிட்டது. 14 நாள் காத்திருக்க வேண்டும். சமரச அதிகாரி முன் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள் வரையும் வேலைநிறுத்தம் கூடாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தம் என்றே சட்டம் கொள்கிறது. கோபத்தில் லைனை நிறுத்திவிட்டு வெளியே வருவது நிர்வாகத்தின் கையில் ஆயுதத்தை எடுத்துக் கொடுப்பதாக முடியும். இந்த விதி தொழிலாளிக்கு அநீதியானது என்பதே என் எண்ணம். ஆனாலும் அது அமலில் இருக்கும்போது அறியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது.

சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் செட்டில்மென்ட் தருகிறோம் என்கிறார்கள். எழுதலாமா?

அன்றைக்கே எழுதாதீர்கள். சஸ்பெண்ட் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாள் பாதி ஊதியம், விசாரணை நீண்டால் முக்கால் பங்கு. தமிழ்நாட்டுக்கென 1981-இல் வந்த பிழைப்பூதியச் சட்டம் 180 நாளைக் கடந்தால் முழு ஊதியம் என்கிறது. வீட்டில் சும்மா உட்கார வைத்துப் பணிய வைப்பதுதான் நோக்கம், அதற்குப் பணியாமல் இருக்கத்தான் இந்தத் தொகை. உள்விசாரணைக்குப் போங்கள், போகாமல் இருந்தால் ஒருதலையாக முடித்துவிடுவார்கள். குற்றச்சாட்டு மெமோவை வாங்க மறுக்காதீர்கள், வாங்கிக்கொண்டு பதில் எழுதுங்கள்.

அறையில் உட்கார வைத்து, செல்போனை வாங்கிக்கொண்டு, கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றால் அன்று மாலைக்குள் மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் "என் விருப்பமின்றி வாங்கப்பட்டது, ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் யாரும் நம்ப மாட்டார்கள். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தனியொருவராகவே சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். 45 நாளில் தீரவில்லை என்றால் நேராகத் தீர்ப்பாயம் போகலாம். இதற்கு முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது, இப்போது இரண்டுதான்.

போராட்டத்துக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும். பிறகு அரசு வேலையும் பாஸ்போர்ட்டும் கிடைக்காது. என் பிள்ளையைப் போகாதே என்று சொல்வது தவறா?

தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை அம்மா. ஹரியானாவில் மானேசர் மாருதி ஆலையில் 2012 ஜூலை 18 அன்று கலவரம் மூண்டு, தீயில் ஒரு மனிதவள அதிகாரி உயிரிழந்தார். அந்தச் சாவுக்கு எந்தக் கோரிக்கையும் ஈடாகாது. ஏறக்குறைய 150 தொழிலாளர்கள் கைதானார்கள். 2017 மார்ச்சில் தீர்ப்பு வந்தபோது 31 பேர் குற்றவாளிகள் என்றும், அவர்களில் 13 பேருக்கு ஆயுள் தண்டனை என்றும் சொன்ன நீதிமன்றம், 117 பேரை விடுவித்தது. அந்த 117 பேரில் பலர் அதற்குள் சிறையில் ஆண்டுக்கணக்கில் கழித்துவிட்டார்கள். முந்தைய ஆண்டு முழுக்க அந்த ஆலையில் சங்கம் பதிவு செய்வதற்காகவும், நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டதை எதிர்த்தும் மோதல் நடந்துகொண்டே இருந்தது. பேச இடமில்லாத ஆலை எப்படி ஆகும் என்பதற்கு அதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு வேண்டாம்.

உங்கள் பிள்ளையிடம் போகாதே என்று சொல்வதற்குப் பதில் இவற்றைச் சொல்லுங்கள். ஆலைக்குள் எதையும் உடைக்கக் கூடாது, யார் மேலும் கை படக் கூடாது. சங்கத்தின் தீர்மானம் இல்லாமல் எங்கும் உட்காரக் கூடாது. காவல்துறை கைது செய்து மண்டபத்தில் வைத்து மாலையில் விடும்போது, எந்தப் பிரிவில் வழக்கு, முதல் தகவல் அறிக்கையின் எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கு திரும்பப் பெறப்படுவதை ஒப்பந்தப் பேச்சில் ஒரு கோரிக்கையாகவே எழுதவைக்க வேண்டும். வாயால் சொன்ன உறுதியை நம்பிப் பத்தாண்டு கழித்துப் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

நோக்கியா, ஃபோர்டு மாதிரி ஒருநாள் மூடிவிட்டுப் போய்விட்டால்?

போகக்கூடும். நோக்கியா 2014 நவம்பரில் நின்றது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலைநகரில் கடைசிக் காரை இறக்கியது. அங்கே நிரந்தரத் தொழிலாளர்கள் போராடி, பேசி, இழப்பீட்டை உயர்த்தி வாங்கினார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும், ஆலையை நம்பி இருந்த உதிரிபாகத் தொழிலாளர்களுக்கும் அப்படிப் பேச மேசை இல்லை. நீங்கள் எந்தப் பெயரில் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்பது மூடும் நாளிலும் உங்கள் கதியைத் தீர்மானிக்கும்.

பனப்பாக்கத்தில் டாடா கார் ஆலை. நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை கிடைக்குமா?

2024 செப்டம்பர் 28 அன்று முதல்வர் அடிக்கல் நாட்டிய ஆலை. 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். நெமிலியிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் கார் ஆலை என்பது என் தலைமுறை கனவிலும் நினைக்காதது. அதிகாலை பஸ்ஸுக்கு எழ வேண்டாம் என்பதே பெரிய வரம்.

5,000 என்ற எண்ணிக்கையில் நேரடி வேலையும் மறைமுக வேலையும் சேர்ந்திருக்கின்றன. அதில் நிரந்தரம் எத்தனை, பயிற்சி எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை என்று கேட்க வேண்டும். நிலம் கொடுத்த ஊர்களின் கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போட்டுக் கேட்கலாம். முதல் ஆண்டில் சேருகிறவர்கள் எந்தத் தாளில் கையெழுத்திடுகிறார்களோ, அதுவே பின்னால் வருகிறவர்களுக்கும் அச்சாகிவிடும். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் அப்படித்தான் ஆயிற்று.

புகாரை வேலூரிலேயே கொடுக்க முடியாதா? காஞ்சிபுரம் வரை அலைய வேண்டுமா?

ஆலை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை என்றால் அந்தப் பகுதிக்கான தொழிலாளர் துறை அதிகாரியும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகமும்தான். ராணிப்பேட்டை, சோளிங்கர், அரக்கோணம் ஆலைகள் என்றால் நம் பக்கமே முடியும். மருத்துவத்துக்கு அலைய வேண்டாம். குடும்பம் இங்கே இருந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தை இந்தப் பக்கமே பதிந்துகொள்ளலாம், வேலூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், ஐ.டி. கார்டின் நகல், கையெழுத்திட்ட தாள் எதுவாக இருந்தாலும் அதன் படம் ஆகியவற்றோடு வாருங்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்கள் முதலில் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வாருங்கள். பகல் 12 மணி வரை திண்ணையில்தான் இருப்பேன்.